முந்நூறு பேரீச்சங்கன்றுகள்



உதவி கேட்பதை இழிவென எண்ணி, கடனையும் நோயையும் நான்கு சுவர்களுக்குள் மறைத்து வாழும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் பல உண்டு. நிலைமை கைமீறிய பின்னரே ஜமாஅத்துக்குச் செய்தி எட்டுகிறது. இந்தத் தயக்கத்திற்கு மதீனாவின் வரலாறு தரும் மறுமொழியை இங்கே நினைவுகூர்வோம்.

ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) அவர்கள் பாரசீகத்தின் இஸ்ஃபஹான் பகுதியைச் சேர்ந்தவர்கள். சத்தியத்தைத் தேடி ஷாம், மோசுல், நஸீபீன், அம்மூரிய்யா என ஊர் ஊராகச் சென்றார்கள். அரபு மண்ணுக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்த வணிகர்கள் வழியிலேயே அவர்களை அடிமையாக விற்றுவிட்டனர். கைமாறிக் கைமாறி, மதீனாவில் பனூ குறைழா குலத்தவர் ஒருவரிடம் வந்து சேர்ந்தார்கள். அங்கே இஸ்லாத்தை ஏற்றபோதும், அடிமைத்தளையின் காரணமாக பத்ரிலும் உஹதிலும் பங்குகொள்ள இயலவில்லை.

விடுதலை ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்கு அறிவுறுத்தினார்கள். உரிமையாளர் கேட்ட விலையோ பெரிது: 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுத் தரவேண்டும், அதனுடன் 40 ஊகிய்யா தங்கமும் தரவேண்டும். ஓர் அடிமை இதற்கு எங்கே போவார்?

நபி (ஸல்) அவர்கள் இத்தேவையைத் தோழர்கள் முன் வைத்து, தம் சகோதரருக்கு உதவுமாறு கூறினார்கள். ஒருவர் 30 கன்றுகள் தந்தார், மற்றொருவர் 20, இன்னும் சிலர் 15, 10 எனத் தத்தம் வசதிக்கேற்பக் கொணர்ந்தனர். முந்நூறும் சேர்ந்தன. ஸல்மான் (ரலி) குழிகளைத் தோண்ட, தோழர்களும் உடன் தோண்டினர். நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே கன்றுகளை நட்டார்கள். பின்னர் தம்மிடம் வந்த தங்கக் கட்டி ஒன்றையும் அவருக்கு அளித்தார்கள். கடன் தீர்ந்தது, ஸல்மான் சுதந்திர மனிதரானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை சில. தேவை இன்னதென்று தெளிவாக எடுத்துரைக்கப்பட்டது. முழுச் சுமையும் ஒருவர் தலையில் ஏற்றப்படவில்லை. பத்துக் கன்று தந்தவரை எவரும் குறைத்து மதிப்பிடவில்லை. உதவி பெற்றவரும் கைகட்டி நிற்காமல் தாமே மண்ணைத் தோண்டினார். தேவையின்றிக் கையேந்துவதை மார்க்கம் கண்டிக்கிறது என்பது உண்மையே. ஆனால், தாங்க இயலாத சுமையைச் சகோதரர்களிடம் சொல்வது கையேந்துவதாகாது. விடுதலை ஒப்பந்தம் கோருவோருக்குச் செல்வத்திலிருந்து வழங்குமாறு சூரா அந்நூரின் 33ஆம் வசனமே பணிக்கிறது.

வரலாறு இத்துடன் முடியவில்லை. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) சுமார் 10,000 பேர் கொண்ட படை மதீனாவை முற்றுகையிட வந்தது. முஸ்லிம்களோ ஏறத்தாழ 3,000 பேர். பாரசீகத்தில் செய்வதுபோல் அகழ் தோண்டலாம் என்று அப்போது ஆலோசனை கூறியவர் ஸல்மான் (ரலி) அவர்களே என்று சீரா ஆசிரியர்கள் எழுதுகின்றனர். அவர்கள் கலந்துகொண்ட முதற்போரும் அதுவே. அந்த அகழே ஊரைக் காத்தது.

கன்று கொடுத்தவர்கள் ஒரு மனிதருக்கு உதவுகிறோம் என்றே எண்ணியிருப்பார்கள். அந்த மனிதர் வழியாகத் தங்கள் ஊருக்கே அல்லாஹ் பாதுகாப்பளிப்பான் என்பதை அன்று அவர்கள் அறிந்திருக்கவில்லை. நம் மஹல்லாவில் வாய் திறக்கத் தயங்கி நிற்பவர் யாரென நாமே தேடிச் சென்று கேட்போமாக. நமக்கே தேவை வரும்போது கூச்சமின்றிச் சொல்லும் மனத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.