விஷம் தந்த அவகாசம்

காஞ்சிபுரத்தில் கோயிலுக்குக் கோயில் தலபுராணம் உண்டு. பட்டுக்கும் கதை உண்டு. சேரிச் சாவுக்குத்தான் புராணமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. போஸ்ட்மார்ட்டம் சீட்டு ஒன்றுதான் எழுத்தாக மிஞ்சுகிறது. சாராயச் சாவு என்றால் அதற்கும் மரியாதை கிடையாது. ‘குடிச்சான், செத்தான்.’ ரெண்டே வார்த்தையில் வரலாறு முடிந்துபோகிறது. இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

2023 மே மாதம் சித்தாமூர் பக்கத்துக் கிராமங்களிலும், மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. சித்தாமூர் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம். பிறகுதான் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது. ரெண்டு இடத்திலுமாக 22 பேர். மீனவர்கள், கூலிக்காரர்கள். அவர்கள் குடித்தது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயம் அல்ல, தொழிற்சாலைகளில் புழங்கும் மெத்தனால் என்று காவல்துறையே சொன்னது.

இந்த வித்தியாசம் முக்கியமானது. வெல்லமும் பட்டையும் போட்டுக் காய்ச்சியதில் போதை தருவது எத்தனால். மெத்தனால் என்பது பெயிண்ட், வார்னிஷ், ரசாயனக் கம்பெனிகளுக்கான சரக்கு. நிறம், வாசனை, ருசி எதிலும் குடிப்பவனுக்குப் பிரித்துத் தெரியாது. அரசுக்குத் தெரியாத சங்கதியா இது? 1937இல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1959இல் மெத்தில் ஆல்கஹாலுக்கும் வார்னிஷுக்கும் என்றே தனி விதிகள் போட்டார்கள். வார்னிஷைக் குடித்தும் சனங்கள் சாவார்கள் என்று தெரிந்ததால்தானே சட்டத்தின் பெயரிலேயே வார்னிஷ் ஏறியது?

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? மெத்தனால் உள்ளே போனவுடன் ஆளைக் கொல்வதில்லை. முதலில் லேசான போதை, அவ்வளவுதான். ஈரலில் உள்ள நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். ரத்தம் புளித்துப்போகிறது. உயிரணுக்கள் பிராணவாயு இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன. கண் நரம்புதான் முதலில் அடிவாங்குகிறது. இதற்கெல்லாம் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

பிறகு தலைவலி, வாந்தி, வயிற்றைப் பிடுங்கும் வலி, மூச்சிரைப்பு. ‘கண்ணு முன்னால பனி கொட்டுற மாதிரி இருக்குது’ என்று ஒருத்தர் சொன்னால் அது போதை மயக்கம் அல்ல, அபாயச் சங்கு. பிழைத்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம். கையையும் கண்ணையும் நம்பிக் கூலிக்குப் போகிறவனுக்கு அது இன்னொரு சாவு.

அந்த 12 மணி நேரம் விஷம் நமக்குத் தரும் அவகாசம். சீக்கிரம் போனால் மருந்து உண்டு. ஃபோமெபிசோல் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. அது இல்லாத இடத்தில் எத்தனாலையே அளந்து ஏற்றுகிறார்கள். நொதி அதைப் பிடித்துக்கொள்ள, மெத்தனால் அமிலமாகாமல் நிற்கிறது. அதற்காக வீட்டிலேயே பிராந்தி ஊற்றிவிடக் கூடாது. அளவு பார்த்து ஆஸ்பத்திரியில் செய்யவேண்டிய வைத்தியம் அது. புளித்த ரத்தத்துக்கு சோடியம் பைகார்பனேட், அமிலத்தை உடைக்க ஃபோலினிக் அமிலம், விஷத்தை வெளியேற்ற டயாலிசிஸ். ஆக, மெத்தனால் குடித்தவர் எல்லோரும் சாகவேண்டும் என்ற விதி இல்லை.

பின் ஏன் கருணாபுரத்தில் அத்தனை பிணம்? 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவில், தலித் மக்கள் பெருவாரியாக வாழும் அந்தப் பகுதியில் சாவு தொடங்கியது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். முதல் சாவுகள் வந்தபோது மாவட்ட நிர்வாகம் கள்ளச்சாராயம் காரணம் இல்லை என்றது. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள். ஏற்கெனவே குடித்திருந்தவர்கள், ‘வவுத்து வலிதான், காலைல சரியாப் பூடும்’ என்று படுத்தார்கள். பெண்களும் ஒரு திருநங்கையும் உட்பட 65 பேருக்கு மேல் போனார்கள்.

விஷம் தந்த அவகாசத்தை அந்த மறுப்பு தின்றது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், குடும்பத்துக்குப் பத்து லட்சம் வந்தது, நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. ‘குடிச்சு செத்தவனுக்குப் பத்து லட்சமா?’ என்று கேட்ட ஊர், மெத்தனால் எந்தக் கிடங்கிலிருந்து எந்தச் சாலை வழியாகச் சேரிக்கு வந்தது என்று அதே சத்தத்தில் கேட்கவில்லை. கம்பெனிக்கு வெளியே மெத்தனாலை விடும் வல்லமை சேரிக்காரனுக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

குடியை நாம் நியாயப்படுத்தவில்லை. நம் வீட்டுப் பெண்கள் படும் பாடு நமக்குத் தெரியாததா? ஆனால் குடித்தவன் என்பதால் அவன் உயிர் மலிவு என்ற கணக்கை ஒப்புக்கொள்ள முடியாது. ஒருத்தர் கண் மங்குது என்றால், அந்தச் சரக்கைக் குடித்த எல்லோரையும், நல்லா இருக்கிறவரையும் சேர்த்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காமல் ‘சாராயம் குடிச்சார்’ என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னதும் முகம் சுளிக்காத டாக்டரும், தட்டுப்பாடில்லாத மருந்தும் நம் உரிமை. மெத்தனால் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குக் கேட்பதும் நம் உரிமைதான்.