மோலியேரும் ஏற்காடும்

1673, பிப்ரவரி 17. பாரீஸ். மேடையில் நோயாளி வேஷம் கட்டியிருந்த மோலியேருக்கு நிஜமாகவே இருமல் பிய்த்தெடுத்தது. எப்படியோ நாடகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர், சில மணி நேரத்தில் காலமாகிவிட்டார். பிரான்ஸே கொண்டாடிய நாடக ஆசிரியர். ஆனால், கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை! 'நடிப்பை விட்டேன்' என்று பாதிரியார் முன்பு சொல்லாமல் இறந்த நடிகனுக்குப் புனித மண் கிடையாது. அன்றைய சர்ச் விதி அப்படி. மனைவி, பதினான்காம் லூயி மன்னரிடம் ஓடினார். ராஜா பேசிய பிறகு பேராயர் இறங்கி வந்தார்: ராத்திரியில், ஆரவாரமில்லாமல் புதைத்துக்கொள்ளுங்கள்.

'இதற்கும் ஏற்காட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது.

மோலியேர் சாவதற்குப் பதினேழே நாள் முன்பு, பிரான்ஸில் மோன்ஃபோர் என்ற சிற்றூரில் லூயி மரி பிறந்தார். பாதிரியாராகி, ஊர் ஊராக நடந்தே போய்ப் பிரசங்கம் செய்தவர். நாடகம், நடனம் இரண்டுமே அவருக்கு ஆகாது. கண்டித்துப் பாட்டே எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய பக்திப் பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டு, அன்றைக்குத் தெருவில் பிரபலமாயிருந்த பாட்டுகளின் மெட்டு! சினிமா மெட்டில் மாதா பாட்டு கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் கவனிக்க. ஜனங்களின் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்க முடியாது, வார்த்தையை மாற்றலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன்.

அந்தப் புனிதரின் பெயரில்தான் 1917-ல் சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டில், மான்ட்ஃபோர்ட் பள்ளியைக் கபிரியேல் சபைச் சகோதரர்கள் ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு வருஷம் பையன்கள் நாடகம் போட்டார்கள். கதாநாயகனுக்கு அம்மை போட்டுவிட, கென்னடி என்ற மாணவனுக்கு அடித்தது யோகம். இன்றைக்கு 'சீயான்' விக்ரம் என்கிறோமே, அவர்தான்.

என்ன நாடகம்? மோலியேர் எழுதியது!

இடைப்பட்ட முந்நூறு வருஷத்தில் சர்ச் சும்மா இருக்கவில்லை. 1934-ல் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள், கோயிலில் கூட்டமாக எழுந்து நின்று, கெட்ட படம் பார்க்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். படங்களுக்கு ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். சி என்றால் தொடாதே. 1936-ல் போப் பதினோராம் பயஸ் இதைப் பாராட்டிச் சுற்றுமடலே எழுதினார். ஏற்காட்டு அடிவாரத்தில், சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் தன் முதல் படத்தை வெளியிட்டது அடுத்த வருஷம்தான். 1957-ல் பன்னிரண்டாம் பயஸ் எழுதிய மடலில் சுருதி மாறுகிறது. எப்படிப் படம் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்.

தடைப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போன் கையில் இருக்கிற பிள்ளையிடம் நீட்டிப் பாருங்கள், 'சி'யைத்தான் முதலில் தேடும். இன்னொரு சங்கதி. சினிமா நூற்றாண்டுக்காக 1995-ல் வத்திகான் 45 நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒன்று, 1964-ல் பசோலினி எடுத்த இயேசு படம். பசோலினி நாத்திகர், மார்க்சிஸ்ட். மதத்தை அவமதித்ததாக 1963-ல்தான் இத்தாலிய கோர்ட் அவருக்குத் தண்டனை கொடுத்திருந்தது! டைரக்டர் பெயரைப் பார்த்துக் கழித்துக்கட்டியிருந்தால் அந்தப் படம் போயே போச்சு.

விக்ரமின் அப்பா வினோத் ராஜ், கிறிஸ்தவர். சினிமா ஆசையில் பரமக்குடியிலிருந்து ஓடிவந்து, சின்னச் சின்ன வேஷங்களோடு நின்றுபோனவர். கோடம்பாக்கத்தை உள்ளே இருந்து பார்த்தவர். ஏற்காட்டில் பள்ளி முடித்த மகன் சினிமாவுக்குப் போகத் துடித்தபோது, 'முதலில் படிப்பு' என்றார். பையன் சென்னை லயோலாவில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தான். அதுவும் பாதிரியார்கள் நடத்துகிற கல்லூரிதான். அங்கேயும் நாடகத்தை விடவில்லை.