கட்டுமரம்: பந்தயத்துக்குப் போனது பேர் மட்டும்

ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் தம்பி செல்போனில் 2013 அமெரிக்கா கோப்பை படகுப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது கேட்டமரான்ணே." "நம்ம கட்டுமரம்தான் தம்பி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடினால், பாதிதான் சரி.

பேர் நம்முடையதுதான். சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியான பயண நூலில் எழுதினார். ஆனால் நம்முடையது, மரங்களைக் கயிற்றால் கட்டித் துடுப்புப் போடும் மிதவை. கரையேறியதும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். இரண்டு படகுகளை இணைக்கும் முறை பாலினேசியர்களுடையது. அந்த வடிவில் ஹெரஷாப் கட்டிய படகு 1876-ல் நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தியது. எதிர்ப்புக் கிளம்பித் தகுதி நீக்கினார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. உலகப் பந்தயத்தில் பேர் ஓடுது; கரையில் மரம் குறைஞ்சுபோச்சு. நாளைக்கு தம்பிகிட்ட திருத்திச் சொல்லணும்.