பட்டை தீட்டாத பெரிடாட்

லேக் கார்டன்ஸில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதனுள்ளே கட்டைவிரல் நகமளவு பச்சைக் கல் ஒன்று, மண்ணிலிருந்து எடுத்த வடிவத்திலேயே நிற்கிறது. வருகிற சங்கத்து அன்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன மாமா, இத ஒரு மோதிரத்துல பதிச்சுப் போட்டுக்கப்படாதா?" சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பதிலை இம்மலரில் எழுதி வைக்கிறேன்.

கல்லின் பெயர் பெரிடாட். நவரத்தினங்களில் இதற்கு இடமில்லை. ஆகவே நம்மவர்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஒலிவின் என்ற கனிமத்தின் தெளிந்த வடிவம் இது. ஒலிவினுக்குப் பூமியில் பஞ்சமே இல்லை. நம் சேலத்தில் மாக்னசைட் வெட்டியெடுத்த குன்றுகளின் மூலப்பாறையே டியூனைட், அதாவது பெரும்பாலும் ஒலிவின்தான். அந்தப் பாறைகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த மிடில்மிஸ் 1896-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே ஒலிவின் நெருக்கியடித்த மணிகளாகத்தான் இருக்கிறது. முகம் முகமாகப் படிகம் வளர வேண்டுமானால் பாறையில் வெடிப்பு வேண்டும், உள்ளே சூடான நீர்மம் ஓட வேண்டும். அந்த வாய்ப்பு உலகில் மிகச்சில இடங்களுக்கே கிட்டியது.

முதலில் புகழ்பெற்றது செங்கடலில் எகிப்துக்குச் சொந்தமான ஜபர்காத் தீவு. புனித ஜான் தீவு என்றும் சொல்வார்கள். கிரேக்கர் காலத்திலேயே அறியப்பட்ட இடம். அங்கிருந்து வந்த கற்களில் பெரும்பகுதி அறுபட்டு நகையாயிற்று. ஜெர்மனியில் கொலோன் தேவாலயத்திலுள்ள மூவரசர் பேழையின் பச்சைக் கற்களை நெடுங்காலம் மரகதம் என்றே நம்பியிருந்தார்கள். பிறகுதான் பெரிடாட் என்று தெரிந்தது. பட்டை தீட்டிய கல்லில் ஊர் அடையாளமும் போய்விடுகிறது, சில சமயம் இன அடையாளமும் போய்விடுகிறது! 1990களில் பாகிஸ்தானின் கோஹிஸ்தான் பகுதியில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், சபட் என்னுமிடத்தில் பெரிய படிகங்கள் கிடைத்த பிறகே சேகரிப்பாளர்களுக்கு மறுபடி நல்ல காலம் பிறந்தது. உள்ளே கருத்த ஊசிகள் போன்ற வேறு கனிமம் தெரிந்தால் அது சபட்டின் முத்திரை. நகைக்காரருக்கு அது குறை. எனக்கு அதுவே ஊர்ப்பெயர்.

ஜெய்ப்பூர் வியாபாரி ஒருவரிடம் நான் வாங்கியது இரண்டு படிகங்கள். மகள் கல்யாணத்துக்குக் கம்மல் வேண்டுமென்று ஒன்றை அறுக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தது கால்பங்குதான். ஊசிகள் இருந்த பாகமெல்லாம் கழிவாகப் போயிற்று. கம்மல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது எந்த மலையிலிருந்து வந்தது என்று இனி யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் நகரத்திலேயே இதற்கு எதிரான சாட்சி உண்டு. 1693-ல் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லை 1893-ல் ஆராய்ந்த ஹாலந்து, அது சென்னைப் பல்லாவரத்துப் பாறை இனம் என்று கண்டு சார்னாக்கைட் எனப் பெயரிட்டார். இருநூறு வருஷம் கழித்தும் கல் தன் ஊரைச் சொல்லிற்று.

மிச்சமிருக்கும் ஒன்றை இப்போது பத்திரமாக வைத்திருக்கிறேன். பெரிடாட்டுக்கு அமிலம் ஆகாது. பித்தளைக்குப் போல் புளி போட்டுத் தேய்க்கப் போன என் மனைவியை ஒருநாள் நல்லவேளையாகத் தடுத்தேன். திடீர்ச் சூடும் ஆகாது. ஆகவே பெட்டிக்குள் பல்ப் இல்லை, கிழக்கு ஜன்னல் வெளிச்சம்தான். அடியில் "சபட், கோஹிஸ்தான்" என்ற வியாபாரியின் சீட்டை ஒட்டியிருக்கிறேன்.