நான்கு கைகளில் ஒரு செய்தி



புந்தோங்கில் என் மாணவன் ஒருவனுடைய பாட்டி, பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தை ஒரே தொலைபேசி அழைப்பில் இழந்தார். அழைத்தவன் அவர் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொன்னானாம். நம்பிவிட்டார், கைப்பேசிக்கு வந்த டேக் எண்ணைப் படித்துக் காட்டிவிட்டார். “அவனுக்கு என் விவரமெல்லாம் எப்படித் தெரிஞ்சது, வாத்தியாரே?” என்று கேட்டார். அப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியரும் மாணவரும் உண்டு. அவர்கள் வரலாற்றை இன்று பார்ப்போம்.

முன்பு தோட்டத்தில் சீட்டெழுதி ஆள்வசம் கொடுத்தனுப்புவோம். கொண்டுபோகிறவர் பிரித்துப் படித்தால் என்ன செய்வது? மாற்றி எழுதினால் என்ன செய்வது? 1979-இல் இஸ்ரேலிய அறிஞர் அடி ஷமீர் ஒரு வழி காட்டினார். இரகசிய எண் 4 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மூன்றாகக் கூட்டி 7, 10, 13, 16 என நால்வரிடம் ஆளுக்கோர் எண் கொடுக்கிறோம். எவ்வளவு கூட்டினோம் என்பதை யாருக்கும் சொல்வதில்லை. தனியொருவருக்கு எதுவும் விளங்காது. நால்வரும் வந்து சேர்ந்ததும், 7-க்கு முந்திய படி 4 என்று பெறுபவர் கண்டுகொள்வார். மூன்றாமவர் 13-ஐ 20 என்று மாற்றினாலும், மற்ற மூவர் எண்களும் ஒத்துப்போவதால் பொய் வெளிப்பட்டுவிடும். கணினியில் இதே கருத்தை இன்னும் இறுக்கமான கணக்காகச் செய்கிறார்கள்.

நால்வரில் ஒருவர் துரோகி என்றால் ஒரே தடவையில் அனுப்ப நால்வர் வேண்டும். மறுமொழிக்கும் வழியிருந்தால் மூவர் போதும். இதனை 1993-இல் வெளியான கட்டுரையில் டோலெவ், டுவொர்க், வார்ட்ஸ், யூங் ஆகியோர் நிறுவினர். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சி. பாண்டுரங்கன் தம் மாணவர்கள் ஸ்ரீநாதன், அரவிந்த் நாராயணன் ஆகியோருடன் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இரகசியம் காக்க எவ்வளவு கூடுதலாக அனுப்பியே தீரவேண்டும் என்பதற்கு, 2004-இல் அமெரிக்காவில் நடந்த கிரிப்டோ மாநாட்டில் அவர்கள் ஓர் எல்லை வகுத்தனர். 2007 டிசம்பரில் நம் நாட்டுக் கூச்சிங்கில் ஆசியாகிரிப்ட் மாநாடு நடந்தது. அடுத்த வாரமே சென்னையில் இந்தோகிரிப்ட் நடந்தது. அதன் கட்டுரைத் தொகுதியைப் பதிப்பித்த மூவர் யார் தெரியுமா? பாண்டுரங்கன், அவர் மாணவர் ஸ்ரீநாதன், மேற்சொன்ன யூங்!

அரவிந்த் நாராயணன் மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றார். 2006-இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 4,80,000 வாடிக்கையாளர்கள் படங்களுக்குத் தந்த மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. பெயர்தான் இல்லையே, ஆபத்தில்லை என்றனர். அவரும் ஷ்மாட்டிகோவும் 2008-இல் அது தவறென்று காட்டினர். ஒருவர் மதிப்பிட்ட சில படங்களும் ஏறத்தாழத் தேதிகளும் தெரிந்தால், அவருடைய பதிவைத் தேடி எடுத்துவிடலாம். 2010-இல் நிறுவனம் தனது இரண்டாவது போட்டியைக் கைவிட்டது. நாராயணன் பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

பாட்டியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நம் எண்களில் 7-ஐ மட்டும் பார்த்தவனுக்கு ஒன்றும் தெரியாது. 7-உம் 10-உம் ஒரே கையில் சேர்ந்தால் 4 வெளியாகிவிடும். நம் விவரங்களும் அப்படியே. பெயர் ஓரிடத்தில், அட்டை எண் வேறிடத்தில் சிந்தினாலும், பொறுக்கிச் சேர்ப்பவனுக்கு அது போதும். ஆகவே நம் விவரம் சொல்கிறவனெல்லாம் அதிகாரி அல்லன். டேக் எண் கடைசித் துண்டு. அதை எவருக்கும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997-ஐ அழையுங்கள். 2022 முதல் அந்தச் சேவை இருக்கிறது.

இன்றிரவு பிள்ளைகளிடம் அந்த நான்கு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். பொய் சொன்ன எண்ணைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, நாளை இந்தத் துறையிலேயே ஆசிரியராகக்கூடும்.