ஹெலிகாப்டர் பறப்பு மாதிரி

ஹெலிகாப்டர் பறப்பு மாதிரி என்பது, ஹெலிகாப்டர் மேல் செயல்படும் விசைகளை நொடிக்குப் பல முறை கணக்கிட்டு, அடுத்த கணம் அது எங்கே, எந்தச் சாய்வில் இருக்கும் என்று சொல்லும் நிரல். சிமுலேட்டர் திரையில் தெரியும் படம் வேறு, இது வேறு. படம் தத்ரூபமாக இருந்தும் இந்தக் கணக்கு பிசகினால், ஓட்டுபவர் கற்றுக்கொள்வதெல்லாம் தவறாகவே போகும்.

கட்டற்ற மென்பொருளான பிளைட்கியர் 1996இல் முன்மொழியப்பட்டு, 1997இல் முதலில் வெளிவந்தது. அதில் பறப்புக் கணக்குக்கு ஜேஎஸ்பிசிம், யாசிம் என்ற இரு நிரல்கள் முக்கியமானவை. ஆண்டி ராஸ் எழுதிய யாசிம் முதலில் விமானங்களுக்கானது. அதில் ரோட்டர் கணக்கைச் சேர்த்தவர் மைக் யூஸ்டுஸ். பிளைட்கியரின் பிஓ 105 ஹெலிகாப்டருக்குப் பறப்புக் கணக்கு எழுதியவரும் அவரே.

இந்த பிஓ 105க்கும் கொங்கு நாட்டு வானத்துக்கும் உறவு உண்டு. திருப்பூருக்கு மேற்கே சூலூர் விமானப்படைத் தளத்தில் இருப்பது சாரங் சாகசக் குழு. மயில் வண்ணம் பூசிய அதன் ஹெலிகாப்டர்கள், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த துருவ். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளின் சத்தத்துக்கு அருகேதான் அவற்றின் பயிற்சி வானம். 1992 ஆகஸ்ட் 20 அன்று முதலில் பறந்த துருவை வடிவமைக்க, 1984 ஒப்பந்தப்படி உதவியது ஜெர்மனியின் எம்பிபி நிறுவனம். பிஓ 105ஐ உருவாக்கியதும் அந்த நிறுவனக் குடும்பமே. இரண்டிலும் பிளேடுகள் மேலும் கீழும் அசையக் கீல் கிடையாது. கீலுக்குப் பதில், வளைந்து கொடுக்கும் பாகங்களே அந்த அசைவுக்கு இடம் தருகின்றன. எனவே துருவுக்கு மாதிரி எழுத நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது பிஓ 105 என்பேன். அதன் அளவுகள் பாட்ஃபீல்டின் ஹெலிகாப்டர் இயக்கவியல் நூலில் (1996) விரிவாகக் கிடைக்கின்றன.

கணக்கின் இதயம் ரோட்டர் கீழே தள்ளும் காற்று. துருவின் ரோட்டர் விட்டம் 13.2 மீட்டர், அதாவது சுழல்வட்டப் பரப்பு ஏறக்குறைய 137 சதுர மீட்டர். 5,500 கிலோ எடையோடு கடல்மட்டத்தில் அந்தரத்தில் நிற்க, அந்த வட்டத்தின் ஊடே காற்று நொடிக்கு 12.7 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். அதற்கு மட்டுமே ஏறத்தாழ 680 கிலோவாட் திறன் வேண்டும். பிளேடுகளின் இழுவைக்கும் வால் ரோட்டருக்கும் ஆகும் திறன் தனி. அதே ஹெலிகாப்டரைக் குன்னூருக்குக் கொண்டுபோனால், 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி 17 விழுக்காடு குறைகிறது, காற்றை இறக்கத் தேவைப்படும் அந்தத் திறன் 10 விழுக்காடு ஏறுகிறது. எஞ்சினும் அங்கே இளைத்துப்போகும். இந்த ஒரு சோதனையில் தேறாத மாதிரி மலையில் பறக்கத் தகுதியற்றது.

முன்னோக்கிப் போகும்போது சிக்கல் வேறு. பிஓ 105 ரோட்டர் நிமிடத்துக்கு 424 சுற்று. பிளேடு நுனியின் வேகம் நொடிக்கு 218 மீட்டர். ஹெலிகாப்டர் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போனால், முன்னேறும் பக்கத்து நுனிக்கு 278, பின்வாங்கும் பக்கத்து நுனிக்கு 158. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால், ஒரே சாய்கோணத்தில் வித்தியாசம் மூன்று மடங்கு. பிளேடு மேலெழும்பி இதைச் சமன்செய்கிறது. கீல் இல்லாத ரோட்டரில் அந்த எழும்பல் நேராக உடலைத் திருப்புவதால், சாய்வைக் கட்டுப்படுத்தும் சைக்ளிக் கோலை லேசாகத் தொட்டாலே எந்திரம் திரும்புகிறது. மூக்கைத் தாழ்த்தினால் பக்கவாட்டிலும் சரிகிறது. ஓட்ட எளிதாகட்டும் என்று இந்தக் குறுக்கீட்டை நிரலில் நீக்குவோர் உண்டு. அது பெரும் பிழை. ஹெலிகாப்டரின் குணமே அதில்தான் இருக்கிறது.

வால் ரோட்டரின் விளைவுகளையும் அப்படி நீக்கக் கூடாது. எல்லாப் பிளேடுகளின் கோணத்தையும் ஒருசேர மாற்றும் கலெக்டிவ் கோலை உயர்த்தினால் முறுக்கம் கூடி மூக்கு திரும்பும், பெடல் கொடுத்துத் தடுக்க வேண்டும். வால் ரோட்டரின் தள்ளல் எந்திரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துவதால், அந்தரத்தில் நிற்கும்போதும் அது சற்றுச் சாய்ந்தே நிற்கும். தரைக்கு ஒரு ரோட்டர் விட்ட உயரத்துக்குள் வந்தால் திறன் தேவை குறையும். இந்தத் தரைவிளைவைச் சேர்ப்பது எளிது.

கடினமானது இறக்கம். செங்குத்தாக இறங்கும் வேகம், ரோட்டர் கீழே தள்ளும் காற்றின் வேகத்தை நெருங்கும்போது, ரோட்டர் தன் சுழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அந்தரத்தில் நிற்பதற்கு மேலே பயன்பட்ட உந்தக் கோட்பாட்டுச் சமன்பாடு அங்கே உடைந்துபோகிறது. காற்றுச் சுரங்கச் சோதனைகளில் கிடைத்த வளைவை அந்த இடத்தில் ஒட்டவைப்பதே வழக்கம்.

கணிப்படியின் நீளமும், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட நேரமும், கவனிக்க வேண்டியது. பிளைட்கியர் இயல்பாக நொடிக்கு 120 முறை கணக்கிடுகிறது. 424 சுற்றில் ஓடும் பிளேடு ஒரு படிக்குள் 21 பாகை திரும்பிவிடும். ஒவ்வொரு பிளேடையும் தனித்தனியே பின்தொடர வேண்டுமானால் படியை இன்னும் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். இல்லையேல் ரோட்டர் முழுவதையும் ஒரே தட்டாக எடுத்துச் சராசரி விசையைக் கணிக்க வேண்டும். முதல் வழியில் அதிர்வும் கிடைக்கும், ஆனால் கணினிக்குச் சுமை அதிகம்.