படையும் குடியாட்சியும்: தங்கவயலிலிருந்து ஒரு நோக்கு

கோலார் தங்கவயல் என்றவுடன் நம் நினைவில் எழுவன சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழமும், மாரிகுப்பத்து ரயில் நிலையமும், வரிசை வரிசையான லயன் வீடுகளுமே ஆகும். படைக்கும் படைத்தலைவர்க்கும் இவ்வூருக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் உண்டு. தொடர்பு உண்டு, அதுவும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொடர்பு. மக்கள் தேர்ந்தெடுத்த அரசும் படைக்கலம் ஏந்திய படையும் எவ்வாறு இணங்கி நடப்பது என்னும் பெரிய வினாவை, நம் முன்னோர் பிழைப்புத் தேடி வந்து குடியேறிய இம்மண்ணில் நின்றே நாம் ஆராயலாம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குக் காலூன்றினர். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம்மவர் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அதைப் பெருமையுடன் எழுதாத மலர் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே, 1903-இல், இங்கு ஒரு துப்பாக்கித் தொண்டர் படை அமைக்கப்பட்டதைப் பலரும் எழுதுவதில்லை. முதல் உலகப் போரின்போது அது இந்தியப் பாதுகாப்புப் படையின் ஒரு பிரிவாயிற்று; 1920-இல் துணைப்படைச் சட்டம் வந்தபின் 'கோலார் தங்கவயல் பட்டாளம்' என்னும் பெயர் பெற்றது. துணைப்படையில் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ-இந்தியர்க்குமே இடம். ஆகவே சுரங்கத்தில் வேலை வாங்குவோர் கையில் துப்பாக்கி இருந்தது. வேலை செய்வோர்க்கு அது மறுக்கப்பட்டது. இப்படை யார்க்கு விடை கூறக் கடமைப்பட்டிருந்தது? அது நின்ற மண் மைசூர் மகாராசாவுக்கு உரியது. அதை ஆண்ட சட்டமோ ஆங்கிலேயருடையது. லயனில் வாழ்ந்த தமிழர் கேள்வி கேட்க இரண்டிடத்திலும் வாயில் இல்லை.

கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் எழுந்த வேலைநிறுத்தமும், 1946 நவம்பர் 4-ஆம் நாள் ஆறு தொழிலாளர் உயிரிழந்த துப்பாக்கிச் சூடும் நம் குடும்பங்களில் இன்றும் பேசப்படுவன. 1946-இல் சுட்டது காவல்துறை, படை அன்று. வரலாறு எழுதுவோர் இவ்வேறுபாட்டை விட்டுவிடலாகாது. எனினும் குண்டடி பட்டவன் சுட்டவனுடைய உடுப்பின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. ஆயுதத்துக்கு ஆணையிட்டவர் யார், அவரை மக்கள் கேள்வி கேட்க இயலுமா என்பதே அவன் வீட்டார் கேட்கும் கேள்வி. விடுதலைக்குப் பின் தங்கவயல் பட்டாளம் கலைக்கப்பட்டது. அக்கேள்வி அதனுடன் கலைந்துவிடவில்லை.

புதிய அரசு அதற்கு விடை காண முயன்றது. தில்லியில் தலைமைத் தளபதிக்கென ஆங்கிலேயர் கட்டிய மாளிகையில் பிரதமர் நேரு குடியேறினார். 1955-இல் தலைமைத் தளபதி என்னும் பதவிப் பெயரே நீக்கப்பட்டு, முப்படைகளுக்கும் தனித்தனித் தலைவர்கள் ஒரே நிலையில் வைக்கப்பட்டனர். அண்டை நாடுகள் சிலவற்றில் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றிய காலத்தில் இவ்வேற்பாடு நம்மைக் காத்தது என்பதை மறுப்பாரில்லை. ஆனால் படையை அடக்கி வைப்பது வேறு. அதன் சொல்லைக் கேட்டு ஆள்வது வேறு. 1959 ஆகஸ்டு 31 அன்று தரைப்படைத் தலைவர் திம்மையா, அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட பிணக்கினால் பதவி விலகல் கடிதம் அளித்தார். நேருவின் வற்புறுத்தலால் அதனைத் திரும்பப் பெற்றார். குடியரசில் மக்களாட்சிக்கே மேலிடம் என்று நேரு நாடாளுமன்றத்தில் உரைத்தார். உரைத்தது சரியே. தளபதி எதனால் மனம் கசந்தார் என்பதற்கு மட்டும் தீர்வு காணப்படவில்லை. மூன்றே ஆண்டில், 1962-இல், சீனப் போர் அதன் விலையை வாங்கிற்று. மேனனுக்குப் பின் வந்த சவாண் படைத்தலைவர்களை நாள்தோறும் காலையில் அழைத்துப் பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். எளிய வழக்கம்தான்; ஆயினும் பல சட்டங்களைவிட அது மிகுதியாகப் பயன்பட்டது என்பது நம் கருத்து.

அப்போரின் நிழலில்தான் 1964 மே மாதத்தில் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் பிறந்தது. நாம் பெமல் என்று அழைக்கும் அதன் பெருந்தொழிற்கூடங்கள் தங்கவயலில் எழுந்தன. மலையைக் குடைந்து எல்லைச் சாலை போட மண்வாரி எந்திரங்களும் புல்டோசர்களும் வேண்டியிருந்தன. துப்பாக்கிக்கு எட்ட நிற்க வைக்கப்பட்டிருந்த தொழிலாளரின் பிள்ளைகள், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆலையில் வேலைக்கமர்ந்தனர். அமைச்சகத்தின் கணக்கை நாடாளுமன்றம் கேட்கும். நாடாளுமன்றத்துக்கு நாம் வாக்களிக்கிறோம். 1903-க்கும் 1964-க்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் இதுவே.

இவ்விடத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைவுகூர்தல் வேண்டும். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்தவர் குமாரமங்கலம் சுப்பராயன். அவருடைய மூத்த மகன் பி. பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைவர். இளையவர் மோகன் குமாரமங்கலம் இளமையில் பொதுவுடைமைக் கட்சிக்காகச் சிறை சென்றவர். தங்கை பார்வதி கிருஷ்ணன் அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கியவர். உடன்பிறந்தாரின் அரசியலைக் காட்டித் தளபதியின் பதவி தடுக்கப்படவில்லை. தளபதியும் தம் பதவியை அரசியலுக்குப் பயன்படுத்தவில்லை. மோகன் குமாரமங்கலம் பின்னர் உருக்கு, சுரங்கத்துறை அமைச்சரானார். அவர் காலத்தில்தான், 1972-இல், நம் சுரங்கங்கள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின.

எனினும் இவ்வுறவு எக்காலத்தும் இனிமையாக இருந்ததென்று நாம் எழுதினால் அது பொய்யாகும். 2012-இல் தரைப்படைத் தலைவர் வி. கே. சிங் தம் பிறந்த ஆண்டு குறித்து அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அதே ஆண்டு மார்ச்சில், லாரிகளை வாங்க இசைந்தால் 14 கோடி ரூபாய் தருவதாகத் தம்மிடம் பேசப்பட்டது என்று இதழொன்றுக்குக் கூறினார். அவை டாட்ரா லாரிகள். அவற்றைப் படைக்கு வழங்கிவந்தது பெமல் நிறுவனம். ஊரே பதைத்தது. தளபதி அதைத் தம்மிடம் முன்னரே கூறியதாகவும், எழுத்தில் புகார் ஏதும் வரவில்லை என்றும் அமைச்சர் அந்தோணி மாநிலங்களவையில் விளக்கினார். குற்றம் யாருடையது என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டா. நாட்டின் தளபதியும் பாதுகாப்பு அமைச்சரும் இத்தகைய செய்தியை வாய்மொழியாகப் பேசிப் பிரிந்தனர் என்பதே நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. ஒரு கடிதம், அதற்கொரு விடை, இரண்டையும் பார்வையிட ஒரு குழு என்றிருந்தால், உழைத்து ஊதியம் பெற்றவர் ஊர்ப்பெயரும் அவ்வழக்கில் அடிபட்டிராது.

இதற்கு மருந்து முன்னமே எழுதப்பட்டிருந்தது. கார்கில் போருக்குப் பின் 1999-இல் அமைந்த ஆய்வுக்குழுவின் தலைவர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த கே. சுப்பிரமணியம். படைத் தலைமையகங்கள் அமைச்சகத்துக்கு வெளியே நிற்பதையும், முடிவெடுக்கும் இடத்தில் படையினர் இல்லாமையையும் அக்குழு குறையாகக் கண்டது. அதன்பின் அமைந்த அமைச்சர் குழு, முப்படைகளுக்கும் ஒரு தலைவர் வேண்டும் எனப் பரிந்துரைத்து 2001 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. அரசனுக்கு உரியவை ஆறு என எண்ணிய வள்ளுவர் படையையும் அமைச்சையும் ஒரே வரிசையில் வைத்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். எனினும் முதல் முப்படைத் தலைவர் 2020 சனவரி 1 அன்றுதான் பொறுப்பேற்றார். படை அலுவல்களுக்கென ஒரு துறையும் அமைச்சகத்துக்குள்ளேயே அப்போது திறக்கப்பட்டது.

அறிக்கை அளிக்கப்பட்ட அந்த 2001 பிப்ரவரியின் இறுதி நாளில்தான் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. பரிந்துரைக்கும் பதவிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளில், லயன்களிற் பிறந்த ஒரு தலைமுறை விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லப் பழகிவிட்டது.